பட்டென்று விற்றார்கள், பாலியஸ்டர் வந்தது: ஏழு நாள் கெடு முடிந்த பிறகு என்ன செய்யலாம்?

கேள்வி இது. கொளத்தூரில் வசிக்கும் ஒருவர், திருக்கடையூரில் நடக்கவிருக்கும் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அம்மா கட்டிக்கொள்வதற்காக, இணையச் சந்தை ஒன்றில் ‘ப்யூர் காஞ்சிபுரம் சில்க்’ என்று போட்டிருந்த அரக்கு நிறப் புடவையை ரூ.9,800 கொடுத்து வாங்கியிருக்கிறார். நிறம் சரியாக இருந்ததால் பீரோவில் வைத்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் ரவிக்கைத் துணியை வெட்டிய தையல்காரர், “இது பட்டே இல்லை அம்மா” என்று சொல்லியிருக்கிறார். தளத்தில் கேட்டால், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது, துணியும் வெட்டப்பட்டுவிட்டது என்கிறார்கள். விற்றவர் சூரத்தில் இருக்கிறார். இனி ஏதாவது செய்ய முடியுமா, சூரத்துக்குப் போக வேண்டுமா, வக்கீல் வைத்தால் செலவு புடவை விலையைத் தாண்டிவிடாதா என்று கேட்கிறார்.

சூரத்துக்குப் போக வேண்டாம். வக்கீலும் கட்டாயமில்லை. பணம் திரும்புமா என்பது மட்டும், நீங்கள் வாங்கிய அன்று அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை இன்று உங்களால் காட்ட முடியுமா என்பதைப் பொறுத்தது. சென்னையில் நுகர்வோர் அமைப்பு ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்துவருகிறேன். தோற்ற புகார்களில் சட்டம் போதாமல் தோற்றவை குறைவு; காட்டுவதற்குக் காகிதம் இல்லாமல் தோற்றவைதான் அதிகம்.

ஆகவே, மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அந்தப் புடவையின் விற்பனைப் பக்கம் தளத்தில் இன்னும் இருந்தால், தலைப்பு, விலை, துணி வகை, விவரக் குறிப்பு, விற்பவர் பெயர், பக்கத்தின் முகவரி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணினியில் திறந்து முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகவும் சேமித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும். புகார் போன மறுநாளே ‘ப்யூர் சில்க்’ என்பது ‘சில்க் பிளெண்ட்’ ஆக மாறிய பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். பக்கம் ஏற்கெனவே மாறியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். ஆர்டரை உறுதிசெய்து வந்த மின்னஞ்சலிலும் பில்லிலும் பொருளின் பழைய தலைப்பு பெரும்பாலும் அப்படியே தங்கியிருக்கும். பார்சல் உறையைக் குப்பையில் போட்டிருக்காவிட்டால் அதையும் எடுத்து வையுங்கள். அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கும்.

பில்லைக் கையில் எடுத்ததும் இன்னொன்றையும் பாருங்கள். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ஹெச்.எஸ்.என் என்று ஓர் எண் இருக்கலாம். ஜி.எஸ்.டிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண் அது. பட்டு நெசவுத் துணி என்றால் 5007 என்று தொடங்கும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை நூலில் நெய்த துணி என்றால் 5407. விளம்பரத்தில் பட்டு, பில்லில் 5407 என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. விற்றவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. 5007 என்று இருந்தால் அது பட்டுதான் என்று ஆகிவிடாது. எல்லாப் புடவைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைப் போடுகிறவர்களும் உண்டு, எண்ணே போடாத சிறு வியாபாரிகளும் உண்டு.

இனி அந்த ஏழு நாள் விஷயம். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவதற்குத் தளங்கள் தரும் சலுகைக் காலம் அது. சலுகை தருகிறவர் அதற்குக் கெடு வைக்கலாம். ஆனால், சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு என்பது சலுகைக் கணக்கில் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின் ஆறாவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் அதில் இல்லாவிட்டாலோ, அதைத் திரும்பப் பெற மறுக்கவோ பணத்தைத் தர மறுக்கவோ விற்பவருக்கு அனுமதி இல்லை. சொன்ன தேதிக்குப் பின் தாமதமாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும். அந்த விதியில் நாள் கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நுகர்வோர் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் சுற்றிவரும் மாதிரிக் கடிதங்கள் பலவற்றில், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற பிரிவை மட்டும் எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள் என்று பேசுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு “ஏழு நாள் என்று குறிப்பிட்டிருக்கிறோமே” என்பார். அதைத் தனியாக நம்பாமல், ஆறாவது விதியையும், தவறான விளம்பரம் என்ற குற்றச்சாட்டையும் முன்னால் வைப்பதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

ரவிக்கையை வெட்டியது உங்கள் வழக்கைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும், மறைக்க விரும்பவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஒத்திராவிட்டால் வாங்கியவர் அதை நிராகரிக்கலாம். ஆனால், பொருளைத் தன்னுடையது போலக் கையாண்டுவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவார். அப்போது நிராகரிக்கும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் நிற்கும். தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்து பேசவில்லை, எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார். ஆனால் ஆணையத்தில் இது வரும். உங்கள் பக்கம் சொல்வதற்கு இரண்டு நல்ல பதில்கள் இருக்கின்றன. துணியின் இழை என்ன என்பது கண்ணால் பார்த்துத் தெரியும் குறை இல்லை, தெரிந்தவர் கை பட்ட பிறகுதான் தெரிய வந்தது. மேலும் வெட்டியது ரவிக்கைத் துண்டை மட்டும்தான், ஐந்தரை மீட்டர் புடவை முழுதாக இருக்கிறது. பணம் திரும்பக் கேட்பதோடு, ‘அல்லது’ என்று போட்டு, சொன்ன பொருளுக்கும் வந்த பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் மாற்றுக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் வழக்கின் உயிரான இடத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் சரியாக என்ன எழுதியிருந்தது? புடவை விற்கும் பக்கங்களில் சொற்கள் பெரும் சாமர்த்தியத்தோடு வைக்கப்பட்டிருக்கும். ‘ஆர்ட் சில்க்’ என்றால் கலைநயமிக்க பட்டு என்று எத்தனையோ பேர் நினைக்கிறார்கள். அது செயற்கைப் பட்டின் சுருக்கம். ‘லிச்சி சில்க்’, ‘செமி சில்க்’ என்பவற்றைப் பெரும்பாலும் பட்டுப்பூச்சி கண்டதே இருக்காது. ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’ என்றால் காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் கரை வடிவத்தைத் தவிர உறவில்லை. ‘சாஃப்ட் சில்க்’ என்பது இரண்டு பக்கமும் போகும், அசல் பட்டிலும் அந்தப் பெயரில் புடவை உண்டு. இவற்றில் ஏதாவது ஒரு சொல் தலைப்பிலோ கீழே பொடி எழுத்திலோ இருந்திருந்தால், உங்கள் வாதம் ‘பொய் சொன்னார்கள்’ என்பதிலிருந்து ‘ஏமாறும்படி எழுதினார்கள்’ என்பதற்கு நகர வேண்டும். சட்டத்தில் ‘திசைதிருப்பும் விளம்பரம்’ என்ற வரையறைக்குள் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும், ஆகவே அந்த வாதத்துக்கும் இடமிருக்கிறது. ஆனால், நீங்கள் எழுதியிருப்பதுபோல ‘ப்யூர் காஞ்சிபுரம் சில்க்’ என்றே இருந்தால் சண்டை மிக எளிது. காஞ்சிபுரம் பட்டு 2005-ஆம் ஆண்டிலிருந்து புவிசார் குறியீடு பெற்ற பொருள். சூரத்தில் விசைத்தறியில் ஓட்டிய பாலியஸ்டருக்கு அந்தப் பெயரை வைப்பது வெறும் மிகைப்பேச்சு என்று தப்ப முடியாது.

“படத்தில் காண்பதற்கும் பொருளுக்கும் வேறுபாடு இருக்கலாம்” என்று ஒரு வாசகம் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். நிறம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவதற்கு அது காவல். அரக்கு மெரூன் ஆகலாம். பட்டு பாலியஸ்டர் ஆகக் கூடாது. “அந்த விலைக்குப் பட்டு வருமா, நீங்களே யோசித்திருக்க வேண்டாமா?” என்றும் கேட்பார்கள். சுத்தச் சரிகை போட்ட, கரையைத் தனியாகக் கோத்து நெய்த கோர்வைப் புடவை ரூ.9,800-க்கு வராது என்பது உண்மைதான். ஆனால் சரிகை கலப்பாக இருந்தால் அந்த விலைக்குள் பட்டு நூல் புடவை கிடைக்கத்தான் செய்கிறது. விலை குறைவு என்பதற்காகப் பொய்யான விவரம் உண்மையாகிவிடாது.

தையல்காரரின் வார்த்தை உங்களுக்குப் போதும், ஆணையத்துக்குப் போதாது. முந்தியின் ஓரத்தில் குஞ்சமாக விட்டிருக்கும் இழைகளில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) இருக்கும். ரவிக்கைத் துண்டை வெட்டிய ஓரத்திலிருந்து ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) எடுக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள், ஏனென்றால் ஒன்றில் மட்டும் பட்டு வைத்து நெய்யும் கலப்புப் புடவைகளும் உண்டு. பட்டு, முடி பொசுங்கும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரியாக நிற்கும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். யாராவது ஒருவரை வைத்து இதை வீடியோ எடுங்கள். இது உங்கள் மன உறுதிக்கான சோதனை. முறையான சான்று வேண்டுமென்றால் மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் வரும் சில்க் மார்க் அமைப்பு போன்ற இடங்களில் துணியைச் சோதித்துத் தருவார்கள். வழக்கு நடக்கும்போது ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டும். ரவிக்கைத் துண்டின் மிச்சத்தைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வையுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. 2021-இல், வெளியே போக முடியாத நாள்களில், இணையத்தில் ஒரு மிக்ஸி வாங்கினேன். பக்கத்தில் 750 வாட் என்று இருந்தது. இட்லி மாவுக்கு உளுந்து போட்டால் முனகியது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தகட்டில் 500 வாட். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற நான், பெட்டியை முதல் நாளே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தேன். வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அடித்தகட்டின் படத்தையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் அருகருகே வைத்து ஒரே தாளில் அச்சடித்து அனுப்பியதுதான் என்னைக் காப்பாற்றியது. அந்தத் தாளுக்கு வந்த பதிலில் முதல்முறையாக ‘கெடு’ என்ற சொல் இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரே தாளில் இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் வந்தது. படிக்கிறவருக்குக் கதை சொல்லத் தேவையிருக்காது.

யார் மேல் புகார்? இருவர் மேலும். “நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறு” என்று தளம் சொல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆம் பிரிவில், பிறர் போட்ட தகவலுக்குப் பொறுப்பில்லை என்று இடைத்தரகர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் அது நிபந்தனையுள்ள பாதுகாப்பு. மின்வணிக விதிகளின் ஐந்தாவது விதிப்படி, விவரமும் படமும் பொருளின் தோற்றம், தன்மை, தரம் ஆகியவற்றோடு நேராகப் பொருந்தும் என்று ஒவ்வொரு விற்பவரிடமும் தளம் உறுதிமொழி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால், விற்றவரின் முழு முகவரி, மின்னஞ்சல் முதலானவற்றைத் தளம் தர வேண்டும். பலருக்கு இந்த இரண்டும் தெரியாது. உங்கள் கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள். தராவிட்டால், ‘கேட்டேன், தரவில்லை’ என்பதே தளத்தின் மேல் தனிக் குற்றச்சாட்டாகிவிடும். தளங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்ற நினைப்பு வேண்டாம், 2022-இல் ஐ.எஸ்.ஐ தரம் இல்லாத பிரஷர் குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக இரண்டு பெரிய தளங்களுக்குத் தலா ரூ.1 லட்சம் அபராதம் விதித்தது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்.

ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு முகவரியையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடிமட்டத்தில், யாரும் போகாத மூலையில் இருக்கும். வாடிக்கையாளர் சேவை அரட்டையில் பத்து நாள் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு நேராக அவருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதம் சின்னதாக இருக்கட்டும், இப்படி:

“இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள ஆர்டரில், ‘ப்யூர் காஞ்சிபுரம் சில்க்’ என்று விவரிக்கப்பட்ட புடவைக்கு ரூ.9,800 செலுத்தினேன். வந்த புடவை பட்டு அல்ல. விற்பனைப் பக்கம், பில், புடவை ஆகியவற்றின் படங்கள் இணைப்பில் உள்ளன. இது மனமாற்றத்தால் திருப்பி அனுப்பும் கோரிக்கை அல்ல. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் பற்றிய புகார். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020, ஆறாவது விதியின்படி முழுத் தொகையையும் திருப்பித் தருக. விற்பவரின் முழு முகவரியையும், விவரங்கள் சரியானவை என்று அவர் உங்களுக்கு அளித்த உறுதிமொழியின் நகலையும் தருக.”

ரவிக்கைத் துண்டு வெட்டப்பட்டதையும் ஒரு வரியில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் குற்றம், நீங்கள் சொன்னால் தகவல். கோபம் வரும், கடிதத்தில் வேண்டாம். தொலைபேசியில் பேச நேர்ந்தால், முடிந்ததும் “இன்று இத்தனை மணிக்கு நீங்கள் சொன்னது இது” என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கடிதம் போன கையோடு 1915-க்கும் அழைத்துவிடலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், இணையத்திலும் பதியலாம். பதிவு எண் ஒன்று தருவார்கள். இவர்கள் நீதிமன்றம் இல்லை, தீர்ப்பு சொல்ல முடியாது. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் பெரிய தளங்கள் இந்த வழியாக வரும் புகாரை அரட்டைப் பெட்டியில் வரும் புகார்போலக் கையாளுவதில்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் உள்ள விவகாரங்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடுவதைப் பார்க்கிறேன். “கூப்பனாகத் தருகிறோம்”, “பாதிப் பணம் தருகிறோம்” என்று வருவார்கள். கூப்பனை வாங்காதீர்கள். பாதிப் பணம் உங்கள் விருப்பம், ஆனால் ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அதற்கு மேல் பேச இடமில்லை.

கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தால், வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ எழுப்பி, அந்தக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் இருக்கிறது. பொருள் விவரத்துக்குப் பொருந்தவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக ஏற்கப்படும். அதற்கான கெடு குறுகியது, ஆகவே இன்றே கேளுங்கள்.

ஒரு மாதம் ஓடியும் அசையவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் சூரத் பயம் தீர்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடமா, விவகாரம் எழுந்த இடமா என்று சண்டை போட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்று நேராகவே எழுதிவிட்டார்கள். கொளத்தூர் என்பதால் உங்களுக்குச் சென்னையிலேயே. (இதைப் படிக்கும் தாம்பரம், பல்லாவரம்காரர்கள் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்டம் என்பதை மறந்துவிட்டு, சென்னை என்று எழுதி மனு திரும்பி வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அஞ்சல் முகவரியில் சென்னை இருந்தால் போதாது, வருவாய் மாவட்டம் எது என்று பாருங்கள். வேலை சென்னைக்குள் என்றால் அதைக் காட்டி இங்கேயே கொடுக்கலாம்.)

கட்டணம்? கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் எதுவும் இல்லை. மாவட்ட ஆணையத்தின் வரம்பு ரூ.50 லட்சம், அதுவும் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல. ஆணையங்களுக்கான ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காணொலி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் கேட்கலாம். மனு, உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்களின் பட்டியல், ஆவணங்கள் என்ற நான்கும் போதும். ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆவணங்களுக்கு, 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, அவை எப்படி எடுக்கப்பட்டவை என்று சொல்லும் ஒரு சான்றிதழ் இணைத்துவிடுங்கள். ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்றாலும், இருந்தால் ஆட்சேபத்துக்கு இடமில்லை. வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, நீங்களே எழுதிய அறிவிப்பை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டால், நீங்கள் நியாயமாக நடந்துகொண்டது தெரியும்.

காலம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நான் பார்த்தவற்றில் ஒரு வருடத்துக்குள் முடிந்தவை குறைவு. ஆணையத்தின் அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், மேலும் 15 நாள்; அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு பழைய சட்டத்தின் கீழ் சொன்னது. ஆகவே 46-ஆம் நாள் உங்கள் நாள்காட்டியில் சிவப்பு வட்டமாக இருக்கட்டும். தோற்ற பிறகு பூங்கா நகரில் இருக்கும் மாநில ஆணையத்துக்கு அவர்கள் மேல்முறையீடு போவதானால், தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். இவ்வளவு சின்னத் தொகைக்கு அந்த அலைச்சலைப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. அறிவிப்பு கைக்குப் போன பிறகு சமரசத்துக்கு வருவது சாதாரணமாக நடக்கிறது.

எவ்வளவு கேட்பது? ரூ.9,800-ம் வட்டியும் உங்கள் பணம். மன உளைச்சலுக்கு ரூ.10,000, செலவுக்கு ரூ.5,000 என்று கேட்டால் படிக்கிறவர் முகம் சுளிக்க மாட்டார். ஐந்து லட்சம் கேளுங்கள், ஐம்பதாயிரமாவது வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மனுவின் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் விழும்.

இன்னும் ஒன்று. இது ஒரு தளத்தின் வழியாக வாங்கியதால் இவ்வளவு பிடிமானம் இருக்கிறது. சமூக ஊடகத்தில் ஒரு கணக்கைப் பார்த்து, யு.பி.ஐ-யில் பணம் அனுப்பி, பில்லே இல்லாமல் வாங்கியிருந்தால் சட்டம் இதேதான், ஆனால் ஆளைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு கணக்கையே மூடிவிட்டுப் போனவர் என்றால் அது நுகர்வோர் புகாராக நிற்காது, மோசடி. தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது அவசரம் அறுபதாம் கல்யாணம். அம்மாவுக்கு வேறு புடவை வாங்கிவிடுங்கள். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் பக்கம் நேரில் போய், சில்க் மார்க் சீட்டைத் தொட்டுப் பார்த்து வாங்கினால் மனம் நிம்மதியாக இருக்கும், அந்தப் பில் விலை ஒப்பீட்டுக்கும் உதவும். அரக்குப் புடவையை மட்டும், “ஒருநாள்தானே, கட்டிக்கொள்கிறேன்” என்று அம்மா சொன்னாலும் விடாதீர்கள். துவைக்கவும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். வந்த உறையிலேயே மடித்து, விலைச்சீட்டோடு, ரவிக்கைத் துண்டு போட்ட உறையோடு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.